பொம்மை வீட்டுக்குத் தெற்கு ஜன்னல்

வாங்ணா, வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாம், நாம வூட்டச் சுத்தி, பொடக்காளிப் பக்கமாத்தான் போறோம். உள்ளாற இருந்து பாக்கறதவிட வெளிய இருந்து பாத்தாத்தான் உங்களுக்கு வெவரமாத் தெரியும். பாத்து வாங்க, சந்து குறுகல், அந்த சிலிண்டர் முட்டும். ஆங், இதுதாங்ணா. இந்த ஓட்டையத்தான் மூடோணும்.

சிரிக்காதீங்ணா.

சரி, சிரிச்சுக்குங்க. யாரு பாத்தாலும் சிரிக்கத்தான் செய்யறாங்க. ஆனா சிரிச்சு முடிச்சுட்டு அந்த வெட்டக் கொஞ்சம் பாருங்க. விரல வெச்சுத் தடவிப் பாருங்க, எங்கியாவது பிசிறு இருக்குதா? கோடு கோணியிருக்குதா? மேல அந்த வளைவப் பாருங்க, கோயில் மாடத்தாட்ட எப்புடி வளைஞ்சு எறங்கியிருக்குது! எம்பட வூட்டுக்காரி சுகந்தி வெட்டுனதுங்ணா. நீங்க இத்தன வருசமா மரவேல பாக்கறீங்க, நீங்களே சொல்லுங்க, பொம்பள வெட்டுனதாட்டவா இருக்குது? சொல்லிக்குடுத்தது நான். அதையும் மனசுல வெச்சுக்குங்க.

வெட்டு நல்லா இருக்குதுங்கறது வேற, மூடோணுங்கறது வேற. நாளைக்குக் காத்தால எனக்குக் கம்பெனில இண்டர்வியூ. பம்புசெட் கம்பெனிங்ணா, நான் சேல்ஸ்ல இருக்கறேன். ஏரியா மேனேஜர் போஸ்டு காலியா இருக்குது. எனக்கும் திருப்பூர்ல இருக்கற இன்னொருத்தனுக்கும்தான் போட்டி. இந்த நேரம் பாத்து, வூட்டோட தெக்குச் செவுத்துல, சமையக்கட்டுல, மொறத்தளவுக்கு ஒரு ஓட்டை! தெக்கால தொறந்து கெடந்தா, வூட்டுக்கு வர்றதெல்லாம் வந்த வேகத்துல வெளிய போயிருமுங்ணா. அதனால சாயந்தரத்துக்குள்ள இதுக்கு மேல ஒரு பலகைய வெச்சு அடிச்சுக் குடுத்துருங்க. டேப்பு கொண்டாந்தீங்களா? நீங்க அளவெடுத்துட்டே இருங்க, நான் சொல்லிட்டே இருக்கறேன். அவ மொட்ட மாடில துணி காயப் போட்டுட்டிருக்கறா. அதான் கொஞ்சம் தெம்பாப் பேசறேன்.

மொதல்ல இங்க நெசமாவே ஜன்னல்தான் இருந்துச்சு. கம்பி போட்டு, ரெண்டு கதவு வெச்சு, அம்சமா இருக்கும். குடி வந்த புதுசுல சுகந்தி இங்க நின்னு சமைப்பா. எதுத்த வூட்டு ஜெயமணியக்கா அவங்க சமையக்கட்டு ஜன்னல்ல நிப்பாங்க. அந்தா, நமக்கு முதுகுக்குப் பின்னால, அந்தப் பச்சக் கதவு ஜன்னல்தான், சாத்தியிருக்குது பாருங்க. ரெண்டு பேருக்கும் பேச்சுன்னா பேச்சு. இங்க இருந்து கறிவேப்பில போகும், அங்க இருந்து தோசமாவு வரும், நடுவால சிரிப்பு போயிட்டும் வந்துட்டும் இருக்கும். நான் ஹால்ல உக்காந்து நிம்மதியா ஒரு நியூஸ் கேக்க முடியாது. டிவில என்ன சொல்றாங்கன்னே தெரியாது, ஜெயமணியக்காவோட நாத்தனாரு என்ன சொன்னாங்கன்னு மட்டும் நல்லாத் தெரியும்.

அப்பத்தான் என்ற மச்சான் ஒரு வாஸ்துக்காரரக் கூட்டிட்டு வந்தாரு. பெரிய ஆளுங்ணா. வாசப்படி தாண்டி உள்ள காலெடுத்துக்கூட வெக்கல. அங்கியே நின்னு கண்ண மூடிட்டு, "சமையக்கட்டுல தெக்கால ஒரு ஜன்னல் இருக்கோணுமே?"ன்னாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "சந்து முக்குல வண்டிய நிறுத்திட்டு இந்த ஜன்னலத் தாண்டித்தான நடந்து வந்தாரு"ன்னா சுகந்தி. அவ எதுலயும் இப்புடித்தான். நம்பிக்க கம்மி.

அடுத்த வாரமே கம்பியக் கழட்டி, கதவக் கழட்டி, சட்டத்து மேல தண்ணி புடிக்காத இந்தப் பலகைய அடிச்சு, செவுத்துக்கு அடிச்ச அதே பெயிண்ட்ட இதுக்கும் அடிச்சு, இங்க ஜன்னல் இருந்துதுன்னு சத்தியம் பண்ணுனாக்கூட யாரும் நம்பாதபடி பண்ணியாச்சு. மறு வருசமே எனக்குப் புரோமோசன். "சண்முகம் சார் ரிட்டையர் ஆனாரு, அடுத்து நீங்கதான இருந்தீங்க"ன்னு அதுக்கும் ஒரு பேச்சு பேசுனா. ஏனுங்ணா, நான் கேக்கறேன், அவரு ரிட்டையர் ஆனதே இந்த ஜன்னல மூடுனதுக்கப்பறந்தானே?

அதவிடப் பெரிய பலன் ஒண்ணு இருக்குது. வூடு அமைதியாயிருச்சு. சுகந்தி சமையக்கட்டுக்குப் போவா, வேலையப் பாப்பா, வெளிய வருவா. பாட்டு இல்ல, சிரிப்பு இல்ல, ஒரு வம்பு இல்ல. நான் கேட்டா பதில் சொல்லுவா, கேக்காட்டி அதுவும் இல்ல. நியூஸ் ஒரு எழுத்து விடாமக் கேக்கலாம். நான் அந்த வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு, "சாமி, ஒரே ஜன்னல்ல வூட்டையே மாத்திப்போட்டீங்க"ன்னு சொன்னேன். அவரே எதிர்பாக்கல போல, "அப்படீங்களா?"ன்னாரு.

தீபாவளிக்கு வெள்ளையடிக்கறப்ப மட்டும் ஒரு வார்த்த கேப்பா. "ஏனுங்க, இந்தப் பலகைய எடுத்துரலாமுங்களா? உள்ள வேகுது"ம்பா. நானும் என்ன, முடியாதுன்னா சொன்னேன்? "அடுத்த புரோமோசன் வரட்டும்"பேன். அவளுக்கு என்ன கொற வெச்சேன், நீங்களே சொல்லுங்க. புகை போறதுக்கு ஒரு மெசினு, காத்துக்கு ஒரு ஃபேனு, வெளிச்சத்துக்கு ரெண்டு லைட்டு. ஒரு ஜன்னல் என்னென்ன பண்ணுமோ அத்தனையும் தனித்தனியா வாங்கிக் குடுத்தாச்சு. ஃபேனப் போட்டா அடுப்பு அணையுதும்பா. மெதுவா வெச்சுக்க வேண்டியதுதான?

இருங்க, ஓட்டைக்கு வர்றேன். என்ற மக சம்யுக்தா மூணாங்கிளாஸ் படிக்கறா. பொறந்தநாளுக்குப் பொம்ம வூடு வேணும்னா. கடைல ரோஸ் கலர்ல பிளாஸ்டிக்குல ஒண்ணக் காட்டுனா. அதப் பாத்ததும் எனக்கு மண்டைக்கு ஏறிருச்சுங்ணா. வாசலுக்கு நேரா பாத்ரூமு! படில ஏறுனா நேரா அடுப்பு! அதுல ஒரு அப்பா பொம்ம, அம்மா பொம்ம, கொழந்த பொம்ம, எல்லாம் ஒண்ணும் தெரியாமச் சிரிச்சுட்டு நிக்குதுங்க. "கண்ணு, இது வேண்டாம். அப்பன் செஞ்சு தர்றேன், மரத்துல, மொறப்படி"ன்னு சொல்லிட்டேன்.

அன்னிக்கே ஒரு ஜிக்ஸா மெசின் வாங்கியாந்துட்டேன். உங்ககிட்டப் போயி ஜிக்ஸானா என்னன்னு சொல்றனே! இருந்தாலும் சொல்றேன், கேளுங்க. தையல் மெசின் ஊசியாட்ட பிளேடு மேலயும் கீழயும் போயிட்டு வரும், நாம புடிச்சுத் தள்ளத் தள்ள மரம் வழி விட்டுட்டே போகும். ஐயோ, அந்த சொகம் இருக்குதே! பட்டன அமுக்குனா கை, தோளு, பல்லு எல்லாம் கிடுகிடுன்னு ஆடும். வாங்குன மொத நாளே வூட்டுல இருந்த அட்டப்பொட்டி, தெர்மாக்கோலு, ஒடைஞ்ச கேரம்போர்டு எல்லாத்தையும் நறுக்கித் தள்ளீட்டேன். சம்யு பக்கத்துல நின்னு, "இன்னொண்ணுப்பா, இன்னொண்ணுப்பா!"ன்னு குதிக்கறா. எனக்கும் நிறுத்தறதுக்கு மனசே வரல. சுகந்தி ஓடி வந்து பூரிக்கட்டையத் தூக்கி பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா.

பலகைய நறுக்கறது ஒண்ணுமே இல்லீங்ணா. ஓரத்துல ஆரம்பிச்சு ஓரத்துல முடிக்கறது. ஜன்னல் வெட்டறதுதான் சோதன. ஜன்னல் நடு செவுத்துலயல்ல இருக்குது, பிளேடு அங்க எப்புடிப் போகும்? நான் நல்லா ரோசன பண்ணி, கீழ ஓரத்துல இருந்து ஒரு கோடு அறுத்துட்டே மேல போயி, நடுவால சதுரமா ஒரு சுத்து சுத்தி, போன வழியாவே திரும்பி வந்தேன். ஜன்னல் வந்துருச்சு. என்ன, ஒவ்வொரு ஜன்னலுக்கும் தரைல இருந்து ஒரு அறுப்பு. வரிசையா வெட்டி நிமுத்தி வெச்சா, செவுரு சீப்பாட்ட நிக்குது. சம்யு ஆசையாத் தொட்டா. ஒரு பல்லு கழண்டு கீழ விழுந்துச்சு.

சுகந்தி வெங்காயம் உரிச்சுட்டே சமையக்கட்டு வாசப்படியோரத்துல நின்னு பாத்துட்டிருந்தா. "ஏனுங்க, ஜன்னல் வர்ற எடத்துல ட்ரில்லுல ஒரு ஓட்டையப் போட்டு, அதுக்குள்ள பிளேட விட்டு ஆரம்பிச்சா ஆகாதுங்களா?"ன்னா. அதே நிமிசம் நானும் அதத்தான் நெனச்சுட்டிருந்தேன். அவ வாயத் தொறந்து முந்திக்கிட்டா, அவ்வளவுதான்.

அந்தப்படிக்கு ட்ரில்லப் போட்டு, பிளேட உள்ள விட்டு, ஜம்முனு ஒரு ஜன்னல் வெட்டுனேன். பலகையத் தூக்கி மூஞ்சிக்கு நேரா புடிச்சு, அது வழியாச் சம்யுவப் பாத்து "பே"ன்னேன். அவ சிரிக்காமக் கீழ கையக் காட்டறா. பலகைக்கு அடில ஸ்டூலு. தேக்கு ஸ்டூலுங்ணா, எம்பட மாமனாரு கல்யாணத்துக்குக் குடுத்தது. அதுலயும் அதே எடத்துல, அதே அளவுல, அச்செடுத்தாப்புல ஒரு ஜன்னல்! இந்த விசயம் மாமனாருக்கு இன்னும் தெரியாது. போன வாரம் அவரு வந்தப்ப, மேல ஒரு துண்ட மடிச்சுப் போட்டு மறைச்சு வெச்சிருந்தோம். அவரு நேராப் போயி அதுலயே உக்காந்தாரு. சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் ஒரு மாதிரி நெளிஞ்சுட்டே இருந்தாரு, பாவம்.

மொறப்படின்னு சொல்லீருந்தனில்லீங்ளா. பொம்ம வூடுன்னாலும் அது நம்ம வூட்டுக்குள்ளாற இருக்கற வூடு. உள்ள இருக்கற வூடு கோளாறா இருந்தா வெளிய இருக்கற வூட்டுக்கு ஆகுமா? சந்தேகத்துக்கு அந்த வாஸ்துக்காரருக்கே போன் போட்டு, "பொம்ம வூட்டுக்கு உண்டுங்களா?"ன்னேன். "பொம்ம வூட்டுக்கா?"ன்னாரு. அப்புறம் "உண்டு"ன்னாரு. நான் ஒவ்வொரு பலகைலயும் பென்சில்ல தெச குறிச்சேன். வாசல் கெழக்கால, சமையக்கட்டு அக்னி மூலைல, படுக்கற ரூமு கன்னி மூலைல. எல்லாம் வெட்டி, பசை போட்டு ஒட்டி, செல்போன்ல தெச காட்டறத ஆன் பண்ணி, வாசலக் கெழக்கால பாக்க வெச்சேன். பாத்தா அடுப்பு ஈசானி மூலைல நிக்குது! எனக்கு வேர்த்துப் போச்சு. என்னடான்னு பாத்தா, நான் குறிச்சது பூராவும் பலகைக்கு உள்பக்கம். ஒட்டுனது குறிச்ச பக்கத்த வெளிய வெச்சு. எடது வலதாயி, தெக்கு வடக்காயி, மொத்த வூடும் கண்ணாடில பாத்தாப்புல ஆகிப்போச்சு.

மறுபடியும் மொதல்ல இருந்து வெட்டுனேன். கஷ்டம்னு நெனக்காதீங்க, உள்ளுக்குள்ள சந்தோசந்தான். மறுபடி மெசினப் புடிக்கலாமில்ல.

ரெண்டாவது வூடு மொறையா வந்துச்சு. வந்து என்ன பண்ண? சம்யு அதத் தூக்கித் திருப்பி வெச்சு வெளையாடறா. "கண்ணு, திருப்பாத, வாசல் வடக்கால போகுது!"ங்கறேன். "வெளிச்சம் இந்தப் பக்கந்தான்பா இருக்குது"ங்கறா. காத்தால ஹால்ல, சாயந்தரம் கட்டுலு மேல. நான் செல்போன ஏந்திட்டுப் பின்னாலயே ஓடறேன். கடைசில தரைல சாக்பீஸ்ல கோடு கிழிச்சு, வூடு இதுக்குள்ளதான் நிக்கோணும், ஒரு விரக்கடை நகரப்படாதுன்னு சட்டம் போட்டேன்.

அப்பத்தான் அவ கேட்டா, "அப்பா, அம்மா பொம்மைக்குச் சமையக்கட்டுல ஜன்னலே இல்லையே?"

"அது தெக்குச் செவுரு கண்ணு, அங்க ஜன்னல் ஆகாது"ன்னேன்.

அவ என்னையப் பாத்தா, வூட்டப் பாத்தா. ரெண்டு கையாலயும் புடிச்சு, கரகரன்னு ஒரு திருப்புத் திருப்பி, "இப்ப அது கெழக்குப்பா. இப்ப வெட்டு"ங்கறா.

நான் செல்போன வெச்சுத் தெசையப் பாத்தேன், கெழக்குதாங்ணா. அப்பப் பாத்து சமையக்கட்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம். போயிப் பாத்தா சுகந்தி மேடையப் புடிச்சுட்டு, முந்தானைய வாயில அமுக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்க நிக்கறா. கண்ணுல தண்ணி. இருமலாட்ட இருக்குதுன்னு நெனச்சு நான் ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்தேன். அதப் பாத்துட்டு அவளுக்கு இன்னும் ஜாஸ்தியாயிருச்சு. அப்புறந்தான் வெளங்குச்சு, அது சிரிப்புங்ணா. கேட்டு ரொம்ப நாளானதுல எனக்கு அடையாளம் தெரியல.

எனக்கு இண்டர்வியூவுக்கு வேற படிக்கோணும். மெசினத் தூக்கி அவ கைல குடுத்து, "சம்யு கேட்டதையும் பாக்கி ஜன்னலையும் நீ வெட்டு அம்மிணி, பயப்படாத, நான் பக்கத்துல இருக்கறேன்"ன்னேன். அவ பயப்படல. கையில வாங்குனவ திரும்பக் குடுக்கவும் இல்ல. "எனக்கு ஒரே ஒரு ஜன்னல் குடு"ன்னு நான் கெஞ்ச வேண்டியதாப் போச்சு. சதுரம் வெட்டுனா, வட்டம் வெட்டுனா, மேல வளைவு வெச்சு வெட்டுனா. தலையெல்லாம் மரப்பொடி, புருவமெல்லாம் மரப்பொடி. ஒவ்வொரு துண்டும் கீழ விழுகறப்ப அம்மாளும் மகளும் ஓன்னு ஒரு கூப்பாடு. அந்தப் பொம்ம சமையக்கட்டுல மட்டும் செவுரு முழுசும் அகலமா ஒரு ஜன்னல் வெட்டி வெச்சிருந்தா. "எதுக்கு இத்தன பெருசு?"ன்னேன்.

"அவ நாளெல்லாம் அங்கதான நிக்கறா"ன்னா.

"யாரு?"

"பொம்மதான்"னா.

நேத்து சாயந்தரம் நான் கம்பெனில இருந்து வர்றேன். உள்ள வந்ததுமே வூடு ஒரு தினுசா இருக்குது. என்னன்னு புடிபடல. சமையக்கட்டுல ரெண்டு பொம்பளைங்க பேச்சு. ஊர்ல இருந்து ஒரம்பரை யாரோ வந்திருக்குதுன்னு நெனச்சு, சட்டைய இழுத்து விட்டுட்டு எட்டிப் பாத்தேன். சுகந்தி ஒருத்தி மட்டும் எனக்கு முதுகக் காட்டிட்டு நிக்கறா. அவளுக்கு முன்னால, பலகைல இந்த ஓட்டை. ஓட்டைக்கு அக்கட்ட, அவங்க ஜன்னல்ல, ஜெயமணியக்கா. என்ன பேசறாங்கன்னு நெனக்கறீங்க? ஸ்டூலு! எங்க மாமனாரு அதுல உக்காந்து எப்புடி நெளிஞ்சாருன்னு இவ நெளிஞ்சு காட்டறா. நான் பலகைய மூஞ்சிக்கு நேரா புடிச்சு "பே"ன்னதச் செஞ்சு காட்டறா. அந்தக்கா கம்பியப் புடிச்சுட்டு, "போதும்டி, வயிறு வலிக்குதுடி"ங்கறாங்க.

கோவம் வரோணுமில்லீங்ளா? வரும்னுதான் நானும் நின்னேன். பையத் தோள்ல மாட்டுனபடியே நின்னுட்டே இருந்தேன். என்னைத்தான் வெச்சுச் சிரிக்கறாங்க, நல்லாத் தெரியுது, இருந்தாலும் இன்னும் கொஞ்சம் கேக்கலாம்போல இருந்துச்சு. அவ கொரல் அப்புடி ஏறி எறங்குங்கறதே எனக்கு மறந்து போயிருந்துச்சுங்ணா. சந்தோசமா இருந்துச்சு. எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல.

அப்புறந்தான் சுரீர்னுச்சு. தெக்கு! இண்டர்வியூ!

"என்ன அம்மிணி இது?"ன்னேன்.

திரும்புனா. மூக்கு நுனில மரப்பொடி. "வளைவு செரியா வந்திருக்குதுங்களா?"ன்னா.

"வளைவு அருமையா வந்திருக்குது, ஆனா..."ன்னு இழுத்தேன். வெட்டி எடுத்த துண்ட அப்புடியே வெச்சு ஒட்டிரலாம்னு தேடுனா, அதக் காணோம். சம்யு என்ற கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிக் காட்டறா. அது பொம்ம வூட்டுக்கு மொட்ட மாடியாயிருச்சு. சுத்தியும் தீக்குச்சில கைப்பிடி வெச்சு ஒட்டி, நூலு கட்டி, குட்டி குட்டியாத் துணி காயப் போட்டிருக்குது. அதப் பிரிக்க எனக்கு மனசு வருமா? அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது.

சுகந்திகிட்டப் பக்குவமாத்தான் சொன்னேன். "இண்டர்வியூ ஆகற வரைக்குமாவது மூடி வெக்கலாம், காத்தால ஆளு வரச் சொல்லீருக்கறேன்"னேன். ஒரு சண்ட இல்ல, சத்தம் இல்ல. கரண்டியக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு, "மூடிக்குங்க. இனி நான் கேக்க மாட்டேன்"ன்னா. பாத்தீங்களா, எவ்வளவு அனுசரணையான பொம்பள! தீபாவளிக்கு தீபாவளி கேக்கற தொந்தரவும் இல்ல இனிமே. அதையே நெனச்சுட்டு எனக்கு ராத்திரி பூராத் தூக்கமே வரல. சந்தோசத்துலதான் இருக்கும்.

ஏனுங்ணா, அளவெடுத்துட்டுச் சும்மாவே நிக்கறீங்க? என்ன யோசன? பலகை நல்ல கனமாப் போடுங்க. இந்தத் தடவ மெசின் எறங்கப்படாது. மெசினையும் எங்கியாவது ஒளிச்சுத்தான் வெக்கோணும்... உஷ், கொலுசுச் சத்தம். கீழ வந்துட்டா. நீங்க அந்தப் பக்கம் பாத்து நில்லுங்க, நாம மழையப் பத்திப் பேசலாம்.

என்னம்மா? டீயா? குடு குடு. வாங்கிக்குங்ணா, சூடா இருக்குது, விளிம்பப் புடிங்க. பாத்தீங்களா, வூட்டச் சுத்திட்டு வர வேண்டியதில்ல, ஓட்டை வழியாக் கைய நீட்டுனா டீ வருது. இது ஒரு வசதிதான். நான் இல்லேங்கல.

என்ன கேட்ட? பலகை எப்ப வருதுன்னா?

அதையெதுக்கு அண்ணன்கிட்டக் கேக்கற, என்னையக் கேளு. என்னையப் பாத்துக் கேளு அம்மிணி. ஏன் டம்ளரையே பாத்துட்டு நிக்கற? மூஞ்சில வெயில் படுது பாரு. இந்தப் பக்கம் திரும்பு. உன்னைய லைட்டு வெளிச்சத்துலயே பாத்துப் பாத்து... ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.

இதாரு? ஐயோ, ஜெயமணியக்கா! எப்பங்கா ஜன்னலத் தொறந்தீங்க? இப்பத்தான் தொறந்தீங்களா, அது வரைக்கும் சாத்துன கதவுக்குப் பின்னால மொதல்ல இருந்து நின்னுட்டுத்தான் இருந்தீங்களா? ஸ்டூலு, சீப்பு, எல்லாமா? தூக்கம் வராததுமா? அக்கா, அதச் சொல்லாதீங்க. அக்கா! அவகிட்டச் சொல்லாதீங்க... சொல்லிட்டாங்க.

போச்சு. சந்தோசத்துல தூங்கலயாமாங்கறாங்க, இவ என்னையவே பாக்கறா.

ஏனுங்ணா, நீங்க ஏன் கீழ குனிஞ்சுக்கறீங்க? நீங்களும் சிரிக்கறீங்களா?

பலகையா? யாரு சொன்னா பலகைன்னு? அண்ணன் எதுக்கு வந்திருக்கறாரு? கம்பி வெக்கறதுக்கும் கதவு வெக்கறதுக்கும் அளவெடுக்க வந்திருக்கறாரு. ஆமான்னு சொல்லுங்ணா. தலையாட்டுங்க. ஆட்டுங்க! தெக்கு தெக்குன்னா ஆச்சா? திருப்பூர்க்காரன் வூட்டுல எந்தெந்தத் தெசைல என்னென்ன ஓட்டை இருக்குதோ, யாரு கண்டா? இண்டர்வியூல கேக்கறதுக்கு பதிலு என்ற வாயிலதான் இருக்குது, இந்தச் செவுத்துலயா இருக்குது? நாளைக் கதைய நாளைக்குப் பாத்துக்கலாம்.

சிரிக்கறா! பாத்தீங்களா, சிரிச்சுட்டா! முந்தானைய எடு அம்மிணி, வாயில இருந்து எடு, எதுக்கு மறைக்கற? அண்ணா, அந்த டீயக் கீழ வெச்சுட்டு டேப்ப மறுபடி எடுங்க. அந்த அளவு வேண்டாம், வேற அளவு. கீழ ஒரு சாண் எறக்குங்க, இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளுங்க. எனக்கு அவ மூஞ்சி பாதிதான் தெரியுது.